திரையில் தோன்றாத மழை வரைபு: காரணங்களும் பரிகாரங்களும்



மண்சரிவினால் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல இன்றும் உறவினர் வீடுகளிலும், பொது மண்டபங்களிலும், தற்காலிகக் கொட்டில்களிலும் வாழ்ந்து வருகின்றன. விட்டு வந்த நிலத்தில் கிழங்கும் லீக்சும் கரட்டும் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. பகலில் போய் அவற்றைக் கிண்டி எடுத்துவிட்டுப் பொழுது சாய முன் திரும்பிவிடலாமா என்பதே இக்குடும்பங்கள் காலையில் எடுக்க வேண்டிய முதல் தீர்மானம். அதற்கு உதவும் கருவிகளுள் ஒன்று கைத்தொலைபேசித் திரையில் வரும் மழை வரைபு.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தானியங்கி மழைமானிகளின் அளவுகளை இணையத்தில் தருகிறது. நீர்ப்பாசனத் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் ஆற்று மட்டங்களை வெளியிடுகின்றன. வளிமண்டலவியல் திணைக்களம் வானிலை அறிவித்தல்களைத் தருகிறது. இத்தகைய விபரங்கள் கோடுகளாகவும் தூண்களாகவும் திரையில் வரும்போது படிக்கத் தெரியாதவரும் ஓரளவு விளங்கிக்கொள்கிறார்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒரே பக்கம் மகனின் போனில் ஒழுங்காகத் தெரிகிறது. தந்தையின் போனில் வரைபு இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாகக் கிடக்கிறது. ஒரே போனிலும் ஓர் உலாவியில் தெரிவது மற்றொன்றில் தெரிவதில்லை. இது ஏன் நேர்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, சரியாகும்வரை என்ன செய்வது என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம். தொடங்குமுன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: வெறுமையாக இருக்கும் வரைபு “மழை பெய்யவில்லை” என்று சொல்வதில்லை. “எனக்குத் தெரியாது” என்றுதான் அது சொல்கிறது.

1. வரைபு எப்படி நம்மிடம் வருகிறது?

இணையத்தை எமக்குத் திறந்து காட்டும் மென்பொருளையே உலாவி என்கிறோம். குரோம், பயர்பொக்ஸ், சபாரி, ஒபேரா மினி என்பவை சில உலாவிகள்.

புகைப்படம் முழுமையான படமாகவே வந்து சேர்கிறது. வரைபு பெரும்பாலும் அப்படி வருவதில்லை. அது மூன்று பொதிகளாக வருகிறது. முதலாவது பக்கம்: தலைப்பும் எழுத்துகளும் வரைபுக்கென ஒதுக்கிய வெற்றிடமும். இரண்டாவது, வரையும் முறையைச் சொல்லும் கட்டளைகள். இவை ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டவை. மூன்றாவது, மழைமானியிலிருந்து வந்த நேரங்களும் அளவுகளும். இவை மூன்றும் சேர்ந்த பின்பு, உங்கள் போனில் உள்ள உலாவியே அந்த இடத்திலேயே கோட்டை வரைகிறது.

தச்சு வேலைக்கு ஒப்பிடலாம். மேசையைச் செய்து அனுப்பாமல், பலகையையும் அளவுத் துண்டையும் அனுப்பி, “உங்கள் ஊர்த் தச்சரிடம் கொடுங்கள்” என்று சொல்வது போன்றது இது. பலகை வராவிட்டாலும் மேசை இல்லை. அளவுத் துண்டில் உள்ள ஒரு சொல் அந்தத் தச்சருக்கு விளங்காவிட்டாலும் மேசை இல்லை. பக்கத்து ஊர்த் தச்சருக்கு விளங்கியிருக்கக்கூடும்.

2. ஏன் ஓர் உலாவியில் மட்டும்?

உலாவிகளின் உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றல்ல. குரோமுக்கு பிளிங்க், பயர்பொக்ஸுக்கு கெக்கோ, சபாரிக்கு வெப்கிட் என்று மூன்று முக்கிய இயந்திரங்கள் உண்டு. எமது நாட்டில் பாவனையில் உள்ள ஐபோனில் குரோம் என்ற பெயரில் இருப்பதும் உள்ளே வெப்கிட்தான். ஆகவே ஐபோனில் சபாரியில் தோன்றாத வரைபை, அதே போனின் குரோமில் பார்த்துச் சோதிப்பதால் பெரும்பாலும் புதிதாக ஒன்றும் தெரியவராது.

இந்த வேற்றுமைக்கு நீண்ட வரலாறு உண்டு. கோடுகளைக் கணக்காக வரைய உதவும் எஸ்.வீ.ஜீ. என்ற முறை 2001இலேயே உலகப் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. ஆனால் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2011இல் வெளியான 9ஆம் பதிப்பில்தான் அதை விளங்கிக்கொண்டது. விண்டோஸ் எக்ஸ்பீ கணினிகளில் 8ஆம் பதிப்புக்கு மேல் போட முடியாது. அத்தகைய பழைய கணினி எங்கேயாவது ஒரு நிலையத்தில் இன்னும் இருக்குமானால், அதன் எக்ஸ்புளோரரில் எஸ்.வீ.ஜீ. வரைபு தெரியாததில் வியப்பில்லை. எக்ஸ்புளோரர் 11க்கான ஆதரவும் 2022 ஜூன் 15ஆம் திகதி பொதுவில் நிறுத்தப்பட்டுவிட்டது.

மற்றொரு காலத்தில் வரைபுகள் பல பிளாஷ் என்ற துணை மென்பொருளால் ஓடின. அடோபி நிறுவனம் 2020 டிசெம்பர் 31ஆம் திகதியுடன் அதை முடித்துவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் உள்ளடக்கம் ஓடாதபடி தடுக்கப்பட்டது. ஆகவே “பிளாஷ் பிளேயர் தேவை” என்று ஒரு பக்கம் கேட்டால் அது கைவிடப்பட்ட பழைய பக்கம். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது ஓடாது. பிளாஷ் தருகிறோம் என்று சொல்லும் எதையும் தரவிறக்கம் செய்யாதீர்கள். அப்படி வருபவை பெரும்பாலும் போனையும் கணினியையும் கெடுக்கும் மென்பொருள்களே.

3. முதலில் அடையாளத்தைப் பாருங்கள்

வைத்தியர் மருந்து எழுதுமுன் எங்கே நோகிறது என்று கேட்கிறார். நாமும் “வேலை செய்யவில்லை” என்று பொதுவாகச் சொல்லாமல், என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று பார்க்க வேண்டும். நான்கு அடையாளங்கள் உண்டு.

அ) பக்கமே திறக்கவில்லை, “இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்று வருகிறது.

முதலில் போனின் திகதியைப் பாருங்கள். பற்றரி முற்றாக இறங்கிய பழைய போன்கள் சில மீண்டும் எழும்போது பல வருடம் பின்னால் போய் நிற்கும். இணையத்தளம் ஒவ்வொன்றும் தான் உண்மையானது என்று காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அதற்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. போனின் திகதி பிழையென்றால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும்.

திகதி சரியாக இருந்தும் பழைய போனில் இவ்வாறு வரலாம். ஏராளமான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற நிறுவனம் தங்கியிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டெம்பர் 30ஆம் திகதி காலாவதியானது. ஆண்ட்ராய்டு 7.1க்கு முந்திய போன்களில் அதன் புதிய மூலச் சான்றிதழ் இருக்கவில்லை. ஓர் இடைக்கால ஏற்பாட்டினால் அந்தப் போன்கள் 2024வரை சமாளித்தன. பயர்பொக்ஸ் உலாவியோ போனை நம்பியிராமல், நம்பத்தக்க சான்றிதழ்களின் பட்டியலைத் தானே வைத்திருக்கிறது. இதனால்தான் அத்தகைய போனில் குரோமில் திறக்காத தளம் பயர்பொக்ஸில் திறந்தது. எச்சரிக்கையை மீறி “பரவாயில்லை, தொடர்க” என்று போகும் வழியும் உண்டு. ஆனால் அடையாள அட்டை இலக்கமோ வங்கி விபரமோ கேட்கும் பக்கத்தில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஆ) எழுத்துகள் தெரிகின்றன, வரைபின் இடம் வெறுமை.

பக்கம் வந்துவிட்டது, வரையும் கட்டளை ஓடவில்லை என்பது இதன் பொருள். காரணங்கள் நான்கு.

ஒன்று, டேட்டாவை மிச்சப்படுத்தும் உலாவி. ஒபேரா மினியின் கடும் சேமிப்பு முறையில், பக்கம் முதலில் அந்த நிறுவனத்தின் சேவைக் கணினிக்குப் போய்ச் சுருக்கப்பட்டே போனுக்கு வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் அங்கே முழுமையாக ஓடுவதில்லை. செய்தி வாசிக்க அது சிக்கனமானது. வரைபு பார்க்க ஏற்றதல்ல. அமைப்பில் சேமிப்பு முறையை நிறுத்திவிட்டுப் பாருங்கள், அல்லது வேறு உலாவியில் திறவுங்கள்.

இரண்டு, விளம்பரத் தடுப்பு. வரையும் கட்டளைகளைச் சில தளங்கள் வெளியிடத்திலிருந்து எடுக்கின்றன. வெளியார் பொருள் எல்லாம் விளம்பரமே என்று எண்ணி, தடுப்பு மென்பொருள் அதையும் தடுத்துவிடுகிறது. அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை நீக்கிப் பாருங்கள்.

மூன்று, உலாவியின் வயது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அடிக்கடி புதிய சொற்கள் சேர்கின்றன. பழைய உலாவி தனக்குத் தெரியாத ஓர் எழுத்தமைப்பைக் கண்டால் அந்த வரியை மட்டும் தாண்டிப் போவதில்லை. அந்தக் கோப்பு முழுவதையும் தள்ளிவிடுகிறது. ஆகவே பாதி வரைபு அல்ல, வரைபே இல்லை. பிளே ஸ்டோரில் உலாவியைப் புதுப்பியுங்கள். பேஸ்புக்கில் வந்த இணைப்பை அழுத்தினால் அந்தச் செயலியின் உள்ளேயே ஒரு சிறு உலாவி திறக்கிறது. அங்கே தெரியாவிட்டால், மேலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி வெளி உலாவியில் திறக்கச் சொல்லுங்கள். செயலிகள் பல பயன்படுத்தும் “ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ” என்பதையும் பிளே ஸ்டோரில் புதுப்பிக்க வேண்டும்.

நான்கு, அளவு காணாமற் போதல். வரையுமுன் உலாவி “எனக்கு எவ்வளவு அகலம் இருக்கிறது?” என்று அளந்து பார்க்கிறது. மறைந்திருக்கும் பகுதியில் வரைபு இருந்தால் அகலம் பூச்சியம் என்று கணக்கிட்டு, பூச்சிய அகலத்தில் வரைந்துவிடும். போனைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். திரையின் அளவு மாறும்போது பல வரைபுகள் மீண்டும் அளந்து வரையப்படுகின்றன. செலவில்லாத சோதனை இது, முதலிலேயே செய்யலாம்.

இ) அச்சுக்கோடுகள் தெரிகின்றன, மழைக்கோடு இல்லை.

கட்டளை ஓடியது, தரவு விளங்கவில்லை என்பது பொருள். இதற்குப் பேர்போன காரணம் நேரத்தை எழுதும் முறை. “2014-10-29 07:30” என்று திகதிக்கும் நேரத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு எழுதினால் குரோம் அதை நேரமாக ஏற்றுக்கொண்டது. சபாரி நெடுங்காலம் “செல்லாத திகதி” என்று தள்ளியது. பொதுத் தரத்தில் இடைவெளிக்குப் பதிலாக ரீ என்னும் ஆங்கில எழுத்து இருக்க வேண்டும். மற்ற வடிவங்களை ஏற்பதும் தள்ளுவதும் அந்தந்த உலாவியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. நேரம் விளங்காதபோது மழைக்கோட்டின் புள்ளியை எங்கே வைப்பது என்று உலாவிக்குத் தெரியாது. இது உங்கள் போனின் பழுதல்ல. பக்கத்தை அமைத்தவர் திருத்த வேண்டியது. உங்களால் செய்யக்கூடியது அவருக்கு அறிவிப்பதே.

ஈ) வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

தரவு இன்னும் வந்து சேரவில்லை. மலை மறைவில் சிக்னல் குறைந்த இடங்களில் இது வழமை. இரண்டு உலாவிகளை ஒப்பிடுவதானால் ஒரே இடத்தில் நின்று, ஒன்றன்பின் ஒன்றாக உடனே திறந்து பாருங்கள். லயத்துக்குள் ஒன்றையும் பாதையோரத்தில் மற்றதையும் பார்த்தால், ஒப்பிடுவது உலாவியை அல்ல, சிக்னலை.

4. சோதிக்கும் ஒழுங்கு

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பயிரில் நோய் கண்டதும் மூன்று மருந்தை ஒன்றாக அடித்தால், எது குணமாக்கியது என்று தெரியாது. இங்கும் அப்படித்தான்.

1) பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள், போனைத் திருப்பிப் பாருங்கள்.

2) அதே உலாவியில் மறைநிலைச் சாளரம் திறந்து பாருங்கள். அங்கே வரைபு தெரிந்தால், போனில் சேமித்து வைத்த பழைய பிரதியே காரணமாக இருக்கக்கூடும். கணினியானால் இணைப்பு மென்பொருளும் காரணமாகலாம். அந்தத் தளத்தின் சேமிப்பை மட்டும் அழியுங்கள். எல்லாவற்றையும் அழித்தால் கடவுச்சொற்களையும் திரும்பத் தேட வேண்டிவரும்.

3) அதே போனில் வேறு உலாவியில் பாருங்கள். அங்கே தெரிந்தால் முதல் உலாவியின் பதிப்போ அமைப்போ, அல்லது பக்கத்தை எழுதிய முறையோ காரணம்.

4) அடுத்தவரின் போனில் பாருங்கள். உங்கள் போனின் எல்லா உலாவிகளிலும் இல்லாமல் அங்கே மட்டும் தெரிந்தால், உங்கள் போனின் திகதி, வயது, இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். எங்குமே தெரியாவிட்டால் கோளாறு தளத்தில் உள்ளது. உங்கள் போனை நோண்ட வேண்டாம்.

தளத்தை நடத்தும் அலுவலகத்துக்கு அறிவிக்கும்போது பக்கத்தின் முகவரி, போனின் வகை, ஆண்ட்ராய்டு பதிப்பு, உலாவியின் பெயரும் பதிப்பும், பார்த்த நேரம் ஆகியவற்றை எழுதி, திரைப்படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். “குரோமில் தெரிகிறது, சபாரியில் அச்சு மட்டும் தெரிகிறது” என்ற ஒரு வரி, திருத்துபவரின் அரைநாள் வேலையை மிச்சமாக்கும். எழுதத் தயங்குபவர்கள் கிராம உத்தியோகத்தரின் உதவியையோ படித்த பிள்ளைகளின் உதவியையோ கேட்கலாம்.

5. பக்கம் அமைக்கும் இளைஞர்களுக்கு

நிவாரண விபரங்களுக்கும் மழை அளவுகளுக்கும் தாமே பக்கம் அமைக்கும் இளைஞர்கள் இன்று எம்மிடையே உள்ளனர். அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

நேரத்தைப் பொதுத் தரத்தில் எழுதி, இலங்கை நேரம் என்பதற்கு இறுதியில் +05:30 சேருங்கள். வரைபின் கீழே அதே அளவுகளைச் சாதாரண அட்டவணையாகவும் தாருங்கள். வரைபு வராத போனிலும் எண்கள் வரும். “கடைசியாகப் பெற்ற நேரம்” என்பதைக் கொட்டை எழுத்தில் காட்டுங்கள். தரவு வராவிட்டால் வெள்ளையாக விடாமல் “தரவு கிடைக்கவில்லை” என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். வரையும் கட்டளைகளை வெளியிடத்திலிருந்து எடுக்காமல் உங்கள் தளத்திலேயே வையுங்கள். கணினியில் எஃப்12 விசையை அழுத்தினால் திறக்கும் பகுதியில், எந்த வரியில் பிழை என்று உலாவியே சிவப்பில் சொல்லும். ஊரில் உள்ள மிகப் பழைய போனைத் தேடி அதில் சோதியுங்கள். அனர்த்த வேளையில் ஒரு குடும்பத்தின் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் அந்தப் போன்தான்.

6. தெரிந்தாலும் கவனமாகப் படியுங்கள்

வரைபு தெரிந்துவிட்டால் எல்லாம் சரி என்பதல்ல. கோடு அடியில் தட்டையாகப் போனால் மழையில்லை என்றும் இருக்கலாம். மழைமானி அடைபட்டோ தொடர்பு அற்றோ இருக்கலாம். கடைசியாகப் பெற்ற நேரத்தைப் பாருங்கள். நேற்றைய கோட்டை வைத்து இன்றைக்குத் தோட்டம் போகக் கூடாது. சில வரைபுகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதனுடன் ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். அங்கே அதிகாலை 3.00 என்றால் எமக்குக் காலை 8.30. வாட்ஸ்அப்பில் வரும் வரைபுப் படத்தில் திகதியும் நேரமும் இல்லையென்றால் அதை நம்பிப் புறப்படாதீர்கள். மற்றவருக்கு அனுப்பவும் வேண்டாம்.

7. வரைபு இல்லாதபோது

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தின் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. அவ்வேளையில் எந்த உலாவியும் உதவாது. ஆகவே கையால் அளக்கும் முறை ஒவ்வொரு குடியிருப்பிலும் இருக்க வேண்டும்.

நேரான சுவருள்ள தெளிந்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்து, கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல்போல அதன் வாயிலேயே வையுங்கள். அடி வளைவாக இருப்பதால் சிறு கற்களையிட்டு, நேரான பகுதி தொடங்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அதுவே பூச்சியக் கோடு. அங்கிருந்து அடிமட்டத்தால் அளந்து 75, 100, 150 மில்லிமீற்றரில் கோடு போடுங்கள். மேல்வாயும் உடலும் ஒரே அகலமாக இருந்தால், நீர் உயர்ந்த மில்லிமீற்றரே பெய்த மழையின் அளவு. மரமும் கூரையும் மறைக்காத திறந்த இடத்தில் அசையாதபடி வையுங்கள். தினமும் காலை 8.30க்குப் பார்த்து எழுதிவிட்டு, நீரைப் பூச்சியக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கடும் மழையில் மணிக்கொரு தடவை பாருங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கூறும் அளவுகள் இவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருங்கள், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகுங்கள், 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினால், உடனே வெளியேறுங்கள். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று, இறுகிப்போகும் கதவு நிலை ஆகியவற்றைக் கண்டால் எந்த அளவுக்கும் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. போத்தலுக்கும் வரைபுக்கும் வேற்றுமை இருந்தால், கூடிய அளவையே நம்புங்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த நிலம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஓரிடத்தில் இருப்பது மட்டும் போதாது. அது மக்களிடம் விளங்கும் வடிவில் வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்த பின் போவதற்கு ஓர் இடமும் இருக்க வேண்டும். பாதுகாப்பான காணியும் வீடும் கேட்கும் எமது உரிமைக் குரலுடன், எமக்குரிய தகவல் எமது போனில், எமது மொழியில், ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்ற கோரிக்கையும் சேரட்டும். இந்த வாரமே ஒவ்வொரு முகாமிலும் இரண்டு இளைஞர்கள் போன்களைச் சோதித்து, எந்தப் போனில் வரைபு தெரிகிறது, எதில் தெரியவில்லை என்று பட்டியல் எழுதட்டும். இரண்டு பெரியவர்கள் மழைப் போத்தலைப் பொறுப்பேற்கட்டும். அடுத்த பருவமழைக்கு முன் இந்த இரண்டு வேலைகளையும் முடித்துவிடலாம்.